உயரமான பிள்ளைக்கும் ஒரு வாசல்

 

நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பையன் ஆறடி வளர்ந்துவிட்டால், ஷூ கம்பெனியில் சேர்த்துவிடலாமா என்றுதான் பேச்சு எழுகிறது. கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவனை வேறு கண்ணால் பார்க்கிறார். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. உயரத்தைப் பயிற்சியால் கொடுக்க முடியாது.

பஞ்சாப் கிராமத்து விவசாயி மகன் சத்நாம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். 2015இல் அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. உயரம் வாசல்வரைதான் கொண்டுபோகும்.

கல்லூரித் தேர்வில் உயரத்தை அளந்ததும் கால்களைக் கவனிப்பார்கள். எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்ட் எடுக்கிறானா? பந்து பறிபோனால் உடனே திரும்பி ஓடுகிறானா? பள்ளியில் ஆறடி இரண்டங்குலப் பையனைச் சென்டர் என்று கூடையடியிலேயே நிறுத்திவிடுகிறோம். கல்லூரியில் அவனைவிட உயரமானவர்கள் இருப்பார்கள். அங்கே அவன் ஃபார்வர்டுதான். தூரத்திலிருந்து எறியவும், பந்தைத் தட்டி ஓடவும் இப்போதே பழக வேண்டும். பள்ளி அணி தோற்றாலும் பரவாயில்லை என்போம் நாம்!

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு. கலைக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். நம்மிடம் வந்த ஒரு பிள்ளை நன்றாக ஆடியவர்தான். சான்றிதழ்களைப் பரணில் கறையான் தின்றுவிட்டது. அந்த ஆண்டு நம்மால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆகவே, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சான்றிதழ்களைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பம் நிரப்ப அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள், உதவுகிறோம்.