பதில் எழுதும் இயந்திரக் குமாஸ்தா

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் தொழில் நடத்துவோரும் உத்தியோகம் பார்ப்போரும் நம்மவருள் பலர் உளர். அவர்கள் நாடோறும் காணும் விஷயமொன்றையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இரும்புக் கம்பி லாரியில் ஏறிய மறுநாளே, "இன்ன பில்லுக்குரிய டெஸ்ட் சர்டிபிகேட் அனுப்பவும்" என்று வாங்கியவரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. கடிதம் ஒரு வரிதான். ஆயினும் உரிய தாளைத் தேடி இணைத்துப் பதில் விடுப்பதிலேயே குமாஸ்தாவின் பொழுது கழிகிறது. நம் பட்டறையில் இவ்வேலை பார்த்த பெண்மணி ஒருநாள் இரவு, களைப்பினால், ஒருவருக்குரிய விலைப்பட்டியலை மற்றொருவருக்கு அனுப்பிவிட்டார். நெடுநாளைய வாடிக்கையொன்று அத்துடன் அற்றது. குற்றம் அவருடையதன்று; அகாலம் வரை வேலை வாங்கிய நம்முடையதே.

மின்னஞ்சலோடு படமும் ஒலியும் இணைத்தனுப்பும் முறையை வகுத்தவர்களுள் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டைன் என்பவர், 1992 மார்ச்சு மாதத்தில் தாமும் நண்பர்களும் பாடிய பாட்டை அங்ஙனம் இணைத்து அனுப்பினார். அன்று விநோதமாயிருந்தது இன்று வர்த்தகத்தின் உயிர்நாடியாயிற்று. பைதான் என்னும் கணினி மொழி விலையின்றிக் கிடைப்பது. கடிதம் வாங்கவும் அனுப்பவும் வேண்டிய கருவிகள் அதனுடனேயே வருகின்றன. நூறு வரிக்குட்பட்ட நிரலொன்று போதும்.

அது செய்வது யாதெனில்: பத்து நிமிஷத்துக்கொருமுறை அஞ்சற்பெட்டியைத் திறந்து, புதிய கடிதங்களில் பில் நம்பரைத் தேடும். நாம் எழுதிவைத்த பதிவேட்டில் பில் நம்பர், வாங்கியவர் முகவரி, கோப்பின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கும். கேட்டவர் முகவரியும் பில்லும் பதிவேட்டோடு ஒத்திருந்தால் கோப்பை இணைத்து அனுப்பும். ஒவ்வாவிடின் குமாஸ்தாவின் பார்வைக்கு ஒதுக்கிவைக்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் கூறுவோம். முதலாவது, கடிதத்தின் மேல் காணும் அனுப்புநர் பெயரைப் பொய்யாகவும் எழுதலாம். ஆதலின் பதிவேட்டிலுள்ள முகவரிக்கே பதில் செல்லவேண்டும். இரண்டாவது, எதிர்த்தரப்பிலும் ஓர் இயந்திரம் "அதிகாரி விடுமுறையில் இருக்கிறார்" என்று பதில் எழுதுமாயின், அதற்கு நமது இயந்திரம் மறுபதில் எழுத, விடியுமட்டும் இரண்டும் ஓயா. இதனைத் தடுக்கவே, தானியங்கிக் கடிதங்களுக்கு அடையாளமிடவும், அவ்வடையாளமுள்ளவற்றுக்குப் பதில் எழுதாதிருக்கவும் 2004-ஆம் ஆண்டிலேயே சர்வதேச விதி வெளியாயிற்று. அவ்விதியை நம் நிரலிலும் எழுதிவைத்தல் அவசியம். மூன்றாவது, விலையையும் பாங்குக் கணக்கையும் பற்றிய கடிதங்களை இயந்திரத்திடம் ஒருபோதும் ஒப்புவிக்கலாகாது. முதல் ஒரு மாதம் பதில்களை அனுப்பாமல் வரைவாக மட்டும் எழுதவிட்டு, மனிதர் பார்த்து அனுப்புவதே விவேகம்.

"இனி குமாஸ்தா எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். பதிவேட்டில் ஒரு நம்பர் தவறினால், இயந்திரம் அத்தவற்றைத் தளராமல் நூறு முறை செய்யும். பதிவேட்டின் உண்மையைக் காப்பவர் மனிதரே. நாம் மேற்படி பெண்மணியை விலக்கவில்லை; அந்நிரலை அவரையே கற்கச் செய்து, அதன் மேற்பார்வையை அவரிடமே ஒப்புவித்தோம். இன்று அவர் மாலை மின்சார ரயிலிலேயே வீடு செல்கிறார், சம்பளமும் குறையவில்லை.

பட்டறை முதலாளிகளாகிய நம்மவரை வேண்டிக்கொள்வது இதுவே: மிச்சமாகும் நேரத்தை ஆட்குறைப்பாக மாற்றாது, வேலை பார்ப்போரின் கல்வியாக மாற்றுங்கள். நம் சங்கத்தின் பிள்ளைகளும் பெண்களும் ஞாயிறுதோறும் கூடி இவ்வித்தையைக் கற்க, சங்கக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கவேண்டுமென்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.