நுழைவாயிலில் நம் பிள்ளைகள்

 

வேலைவாய்ப்புப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஆட்சிப் பணி, மருத்துவம், பொறியியல் ஆகியவை பற்றிப் பேசிய அறிஞர் பலர் இம்மேடைக்கு வந்து சென்றுள்ளனர். அவர்கள் கூறியவை தேவையானவையே. ஆயினும் அவ்வுரைகளைக் கேட்டுச் சென்ற நம் பிள்ளைகளுள் பலர் அடுத்த மாதமே ஏதேனுமொரு நிறுவனத்தின் வாயிலில் காவலர் சீருடையில் நிற்கின்றனர். ஆகவே இன்று நாம் அந்த வாயிலைப் பற்றியே பேச எண்ணினோம். அதிலும் கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயிலில், வருவோர் பைகளைச் சோதிக்கும் பணியைப் பற்றி. தம்பிகள் சிலர் சிரிக்கின்றனர். நாமும் ஒரு காலத்தில் அதனை அவ்வளவில்தான் மதித்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் பள்ளியின் மாணவர்களை இரண்டு பேருந்துகளில் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றோம். வாயிலில் நீண்ட மேசை; அதன் பின்னே காவலர் நால்வர். அவர்களுள் ஒருவர் நம் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர். கண்டதும் நம் மனம் சுருங்கிற்று. "இதற்காகவா அம்மா படித்தாய்?" என்று, பக்கத்தில் நின்றவர் கேட்கும்படி வாய்விட்டுக் கேட்டும் விட்டோம். அப்பெண்ணின் முகம் மாறியது, குரல் மாறவில்லை. "அய்யா, பையை நீங்களே திறந்து காட்டுங்கள்" என்றார்.

பையில் ஆசிரியர்களுக்காகக் கட்டி வந்த புளியோதரைப் பொட்டலங்களும், ஒரு பிஸ்கட் பொட்டலமும், நம் மாத்திரைகளும் இருந்தன. வெளி உணவுக்கு இசைவில்லை என்று பலகையில் எழுதியிருந்ததை நாம் படித்தும் பொருட்படுத்தவில்லை. "நம் அய்யாதானே, விட்டுவிடம்மா" என்றார் உடன் வந்த ஆசிரியர் ஒருவர். அப்பெண் மறுமொழி சொல்லாமல் பொட்டலங்களை எடுத்து வைத்து, எண் பொறித்த டோக்கனை நம் கையில் தந்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில், "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா அய்யா? அப்படியானால் பிஸ்கட்டை எடுத்துச் செல்லுங்கள். நோயாளிக்கு வேண்டியதைத் தடுப்பதில்லை" என்றார். மாலையில் டோக்கனைக் கொடுத்துப் பொட்டலங்களை மீட்டுப் பேருந்தில் உண்டோம். புளியோதரையாதலால் கெடவில்லை. ஆனால் உண்ணும்போது அக்கேள்வியை ஏன் கேட்டோம் என்பதே நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரின் பைக்கு ஒரு சட்டம், பிறர் பைக்கு ஒரு சட்டம் என்று கொள்ளாத அப்பெண்ணை நாம் வாயிலிலேயே வைத்து இழிவுபடுத்தியிருந்தோம்.

அடுத்த வாரம் அப்பெண் தம் ஊதியச் சீட்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். மனத்தாங்கலைச் சொல்ல வரவில்லை. பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று கேட்க வந்தார். அன்று தொடங்கி அவரிடமிருந்து நாம் கற்றவற்றையே இன்று உங்களிடம் கூறுகின்றோம்.

பை சோதிப்பது என்றால் பைக்குள் கை விடுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். முறை அதுவன்று. பைக்கு உரியவர் தம் கையாலேயே, தம் கண்முன்னேயே திறக்க வேண்டும். காவலர் பார்க்க வேண்டும். வேண்டுமானால் ஒரு சிறு கோலால் துணியை விலக்கலாம். பின்னர், "என் நகை காணவில்லை, பணம் குறைகிறது" என்னும் பழி காவலர்மேல் விழாதிருக்க இதுவே காப்பு. மது, புகையிலை, தீப்பெட்டி, கத்தி, கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைத் தடுப்பதன் காரணம் எளிது. நீர்ச்சறுக்கு உள்ள இடத்தில் வெறுங்காலுடன் குழந்தைகள் ஓடுவர். ஒரு புட்டி உடைந்தால் எத்தனை காலில் குத்தும் என்று எண்ணிப் பாருங்கள். குடித்தவன் நீர்க்குளத்தில் இறங்கினால் அவன் உயிர் மட்டுமன்று, பக்கத்தில் இருப்பவர் உயிருக்கும் கேடு. உணவைத் தடுப்பது பெரும்பாலும் உள்ளே உள்ள கடைகளின் வாணிகத்திற்காக. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. திரையரங்குகளைப் பற்றிய வழக்கொன்றில் 2023 ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமையுண்டு என்றது. ஆயினும் குடிநீர் விலையின்றித் தரப்பட வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கலாகாது என்றும் கருதியது. அது பூங்காக்களைப் பற்றிய வழக்கன்று. எனினும் வாயிலில் நிற்பவர் அறிந்து வைத்திருக்கத்தக்கது. பால் புட்டியோடு நிற்கும் தாயிடம் வாதாடும் காவலரை நாம் கண்டதுண்டு. அது விதியைக் காப்பதாகாது.

இன்னொன்று. தனியார் காவலருக்குக் காவல்துறையினருக்குரிய சோதனை அதிகாரம் இல்லை. சோதனைக்கு இசைந்தால் உள்ளே வரலாம், இசையாவிட்டால் நுழைய இயலாது என்பதே அங்குள்ள ஏற்பாடு. ஆகவே பிடித்து இழுப்பதும், சட்டைப் பைக்குள் கை விடுவதும் கூடா. பெண்களைப் பெண் காவலரே, மறைப்புக்குள் வைத்தே சோதிக்க வேண்டும். விடுமுறை நாளிலும் காணும் பொங்கலன்றும் வரிசை சாலை வரை நீளும். கருவி ஒவ்வோர் இடுப்புவாருக்கும் ஒலிக்கும். ஒவ்வொருவரும் "விரைந்து விடு" என்பர். அந்நிலையில் ஆயிரமாவது பையையும் முதற் பையைப் போலவே பார்ப்பது எளிய செயலன்று. நாற்பது பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்தும்போதே முப்பதாவது ஏட்டில் நம் கண் சோர்வதை நாமே அறிவோம்.

இனி, நம் மக்களுக்கும் வாயிலுக்கும் உள்ள பழைய உறவை எண்ணாமல் இதைப் பேச முடியாது. 1924 இல் வைக்கத்தில் கோயிலுக்குள் நுழைய அன்று, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் நம்மவர்களை அழைத்துச் சென்றபோது அவர்களுள் கக்கன் ஒருவர். அரசியலமைப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. அவ்விடங்களுக்குள் செல்லச் சாதியின் பேரால் எவரையும் தடுத்தலாகாது. கேளிக்கை இடத்தை ஏன் அங்கே சேர்த்தனர் என்று இளைஞர்கள் வியக்கலாம். நாம் வியக்கவில்லை. நம் சிறுவயதில் ஊர்த் திருவிழாவிற்கு ராட்டினம் வரும். ஊர்ப் பிள்ளைகள் ஆடி முடித்துக் கலைந்த பின்னரே நம் தெருப் பிள்ளைகளுக்கு முறை. கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டும் வரை கயிற்றுக்கு அப்பால் நின்றோம். ஒரு முறை எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்துவிட்டது. காசோடு வீடு திரும்பினோம்.

அக்கயிற்றுக்கு அப்பால் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று கயிற்றைப் பிடித்து நிற்கின்றனர். வருவோர் யாராயினும் அவர்களிடம் பையைத் திறந்து காட்டியே செல்ல வேண்டும். இதை நாம் பெருமையென்று முழங்க மாட்டோம்; அந்த ஊதியத்தில் பெருமைக்கு இடம் குறைவு. ஆனால் சிறுமையென்றும் இனிக் கூற மாட்டோம்.

இப்படிச் சொல்வதனால் பழையது ஒழிந்தது என்று எவரும் கொள்ள வேண்டா. நாம் கூறிய அதே பெண்ணுக்கு ஒரு கோடை விடுமுறையில் நேர்ந்ததைக் கேளுங்கள். குடும்பத்தோடு வந்த ஒருவர் பையைத் திறக்க மறுத்தார். கோயிலிலிருந்து நேரே வருவதாகவும், உள்ளே பிரசாதம் இருப்பதாகவும் கூறினார். "நான் தொட வேண்டியதில்லை; நீங்களே திறந்து காட்டினால் போதும்" என்றார் இவர். அதன் பிறகே அவர் பெயர் வில்லையைப் பார்த்து, "உனக்கு எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னதும், "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார். இக்கேள்வியின் பொருள் என்ன என்று இங்குள்ள எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. "பையைத் திறங்கள்" என்பதைத் தவிர வேறு சொல் இவர் சொல்லவில்லை. அவர் மேலாளரிடம் சென்று, காவற்பெண் மரியாதையின்றிப் பேசினாள் என்று முறையிட்டார். மறுநாள் முதல் இவரை வாகனம் நிறுத்துமிடத்திற்கு மாற்றிவிட்டனர். சித்திரை வெயில், நிழலில்லாத இடம்.

சாதிப் பெயரைச் சொல்லிப் பிறர் பார்க்கும் இடத்தில் இழிவுபடுத்துவது 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஊரையும் பக்கத்தையும் கேட்பது அச்சொற்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. கேட்பவரும் அதை நன்கறிந்தே கேட்கின்றார். நாம் அப்பெண்ணிடம், "வேலையை விட்டுவிடம்மா" என்றோம். இது நாம் சொன்ன இரண்டாவது தவறு. "விட்டால் அவர் சொன்னது உண்மையென்று ஆகிவிடுமே அய்யா" என்றார் அவர்.

அவர் செய்திருந்த ஒன்று அவரைக் காத்தது. வாயிலில் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு. அன்றே, அந்த மணியிலேயே, நடந்ததையும் கேட்கப்பட்ட இரு கேள்விகளையும் தாம் சொன்ன விடையையும் நான்கு வரிகளில் எழுதி, உடன் நின்ற காவலரின் கையொப்பமும் பெற்றிருந்தார். நம் செயலாளரும் நாமும் காவல் முகமையின் அலுவலரைச் சந்தித்தபோது அவர் முதலில் நம்மை உட்காரச் சொல்லவில்லை. பதிவேட்டைக் கொணரச் செய்து படித்த பின் சொன்னார். நான்காம் நாள் அப்பெண் மீண்டும் மேசைக்கு வந்தார். முறையிட்டவரிடமிருந்தோ மேலாளரிடமிருந்தோ வருத்தச் சொல் எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இப்பணிக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில உள. 2005 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி, உரிமம் பெற்ற முகமையே காவலரை அமர்த்தலாம். காவலருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும், குறைந்தது 20 வேலை நாட்களில் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. ஒரு பிற்பகலில் சீருடையைக் கொடுத்து வாயிலில் நிறுத்தும் முகமைகள் பல. அவர்களிடம் பயிற்சிச் சான்றைக் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிப்பர். தொழிலாளர் ஈட்டுறுதிக்கு 2019 சூலை முதல் 0.75 விழுக்காடு. பிடித்தால் மட்டும் போதாது, உங்கள் கணக்கில் செலுத்த வேண்டும். வைப்பு நிதிக் கணக்கிற்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதை முதல் மாதமே கேட்டுப் பெறுங்கள். நம் மாணவியின் சீட்டில் பிடித்தம் இருந்தது, எண் இல்லை. கேட்ட பிறகே எண் வந்தது. கணக்கில் பெற்ற மதிப்பெண் அங்கே பயன்பட்டது.

வேலை நேரத்தைப் பற்றி வாய் திறப்போர் குறைவு. தமிழ்நாட்டின் 1947 ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பொதுக் கேளிக்கை இடங்களையும் நிறுவனம் என்றே கொள்கின்றது. அதன்படி நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி; மிகுதி நேரத்திற்கு இரட்டை ஊதியம். நடைமுறையிலோ 12 மணி நேரத்தை ஒரு முறைப்பணி என்கின்றனர். அதிலும் நின்றுகொண்டே. அப்பெண்ணின் கால்கள் மாலையில் வீங்கியிருந்ததை அவருடைய தாயார் நம்மிடம் கூறினார். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி 2018 இல் அதனைச் சட்டமாக்கினர். 2021 இல் நம் மாநிலமும் மேற்கூறிய சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. சட்டம் வந்தது; நாற்காலி வரவில்லை. கேட்டால், "காவலர் உட்கார்ந்தால் வருவோர்க்கு மதிப்பிருக்காது" என்கின்றனர்.

வாயிலிலேயே வாழ்நாளைக் கழிக்கச் சொல்கின்றோம் என்று பெற்றோர் அஞ்ச வேண்டா. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகின்றது. நம் மாணவி இப்போது அதற்குப் படிக்கின்றார். ஞாயிறன்று பூங்காவில் கூட்டம் மிகுதியாதலால் கழகத்தின் ஞாயிறு வகுப்புக்கு வர இயலவில்லை. அவரைப் போன்றோர்க்காகச் செவ்வாய் மாலையில் ஒரு வகுப்பு வைக்குமாறு செயலாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றோம். கணக்குப் பாடத்தை நாமே எடுப்போம்.

22-அ பிரிவைக் குறிப்பிட்டு இருக்கை கேட்டு அவரும் உடன் பணியாற்றும் ஒன்பது பேரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் சென்ற மாதம் முகமைக்கும் பூங்கா நிருவாகத்திற்கும் அனுப்பப்பட்டுள்ளது. விடை இன்னும் வரவில்லை. அதன் படி ஒன்று நம் பையில் இருக்கின்றது. காவற்பணியில் உள்ளோர் கூட்டம் முடிந்ததும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.