மலையில் தனிநடை



மலையேற்றம் என்றதும் பனி மூடிய இமயமும், கயிற்றால் பிணைந்து ஏறும் குழுவினரும் நம் நினைவில் எழுவர். இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய அருஞ்செயல் அன்று. இங்கிலாந்தின் வட பகுதியில், கூதிர்ப் பருவத்தின் கடைசி நாட்களில், ஒருவன் துணையின்றி மலைமேல் ஏறுகிறான். பொழுது சாய்வதற்குள் இறங்கி வருகிறான். செய்தி அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு நாள் நடையில் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு.

வடமேற்கு இங்கிலாந்தில், கம்பிரியா என்னும் பகுதியில், ஏரிகளும் மலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. அதனை ஏரி மாவட்டம் என்பர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடபுலக் கடலோடிகள் அங்கு வந்து குடியேறினர். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இன்றும் வழங்குகின்றன: மலை 'ஃபெல்' எனப்படும், ஓடை 'பெக்' எனப்படும், மலைமேல் தேங்கிய சுனை 'டார்ன்' எனப்படும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் இங்கேதான் உள்ளது. அதன் உயரம் 978 மீட்டர். இந்த எண்ணைக் கேட்டு, 'இது சிறு குன்றுதானே' என்று எண்ணிவிடலாகாது. அம்மலையின் வடபுறத்து அடிவாரத்திலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்கிறது. அந்நாட்டில் மனிதர் வாழும் இடங்களில் அதுவே மழை மிகுந்தது.

தமிழ் மரபு ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று வகுத்தது. ஏறத்தாழ அதே திங்கள்களில் ஏரி மாவட்டம் தன் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. கோடையில் பசுமையாய் நின்ற பெரணிப் புதர்கள் துருப்பிடித்த இரும்பின் நிறம் கொள்கின்றன. லார்ச் மரங்கள் பொன்னிறமாகி, ஊசி போன்ற தம் இலைகளை உதிர்க்கின்றன. கோடைப் பயணிகளின் ஆரவாரம் அடங்கிவிடுகிறது. சில காலைகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி மூடுபனியாகிறது. அன்று மலைமேல் ஏறியவன் வெயிலில் நிற்பான். ஊரும் ஏரியும் அவன் காலடியில் வெண்கடலுக்குள் மறைந்திருக்கும். கதிரவன் முதுகுப்புறம் இருந்தால், அம்மூடுபனியின்மேல் அவன் நிழல் விழும்; நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் ஒன்று தோன்றும். அருகருகே பலர் நின்றாலும், ஒவ்வொருவர் கண்ணுக்கும் வளையம் தத்தம் தலையைச் சுற்றியே தெரியும்.

இத்தகைய காட்சியைத் தனியே காண விரும்புவோர் பலர். பேச்சில்லாத நடையில் கண்ணும் செவியும் கூர்மை பெறுகின்றன என்பது உண்மையே. ஆனால் தனிமைக்கு ஒரு விலை உண்டு.

நவம்பர்த் திங்களின் இறுதியில் அங்கே கதிரவன் காலை 8 மணிக்குச் சற்றுப் பின் எழுகிறான். மாலை 4 மணிக்கு முன்னரே மறைகிறான். பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. 1892-ஆம் ஆண்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடைக்கு ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதனுடன், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 12 மைல் தூரமும் 3,000 அடி ஏற்றமும் உடைய நடைக்கு ஐந்தரை மணி ஆகும். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணியைக் கூட்டுங்கள். காலை 9 மணிக்குப் புறப்பட்டவன் மாலை மூன்றரைக்கு அடிவாரம் சேர்வான். இருள் வருவதற்குள் எஞ்சுவது மிகச் சிறிது நேரமே. சேறும் எதிர்காற்றும் அதனை எளிதில் விழுங்கிவிடும்.

இருளினும் பெரிய இடர் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நனைந்த ஆடையின்மேல் காற்று வீசினால், பனி உறையாத நாளிலும் உடலின் வெப்பம் வடிந்துபோகும். அவ்வாறு வடியும்போது மனிதனின் அறிவும் மங்குகிறது. தன் அறிவு மங்குவதை அவனே உணரான். உடன் நடப்பவர் ஒருவர் இருந்தால், 'உன் பேச்சு குழறுகிறது. வா, திரும்புவோம்' என்று கையைப் பற்றுவார். தனியே சென்றவனுக்கு அந்தக் குரல் இல்லை.

1805-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சார்ல்ஸ் காஃப் என்ற இளைஞர் தம் நாயுடன் ஹெல்வெலின் என்னும் மலையைக் கடக்கப் புறப்பட்டார். அவர் மறுபுறம் சேரவில்லை. மூன்று திங்கள்களுக்குப்பின், ஒரு சுனையின் அருகே அவருடைய எலும்புகளை ஓர் இடையர் கண்டார். நாய் உயிருடன் அங்கேயே இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதன் அன்பைப் பாடினர். பாடத்தக்க அன்புதான். எனினும், 'போதும், திரும்புவோம்' என்று சொல்ல அந்த நாய்க்கு வாய் இல்லையே!

இனி வேறொருவரைக் காண்போம். ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் என்பவர் 1907-இல் பஞ்சாலை நகரமான பிளாக்பர்னில் பிறந்தவர். கென்டல் நகராட்சியில் கணக்குத் துறை அலுவலர். 1952 நவம்பர் 9-ஆம் நாள், இதே கூதிர்ப் பருவத்தில், அவர் ஒரு பெரும்பணியைத் தொடங்கினார். ஏரி மாவட்டத்தின் 214 மலைகளையும் நடந்தே கண்டு, தம் கையால் எழுதியும் வரைந்தும், ஏழு வழிகாட்டி நூல்களை 1966-க்குள் முடித்தார். வார இறுதி நாட்களில் பெரும்பாலும் தனியே நடந்தார். அவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை, பேருந்திலேயே போய்வந்தார். மாலைப் பேருந்து எவருக்காகவும் காத்து நிற்பதன்று. சிகரம் எவ்வளவு அருகில் தோன்றினாலும், திரும்பும் நேரம் காலையிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. கணக்கரின் ஒழுங்கு மலையிலும் அவருக்குத் துணை நின்றது. 1991-இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே, அவரது சாம்பல் ஹேஸ்டாக்ஸ் மலையில் தூவப்பட்டது.

ஆகவே தனியே செல்வோன் தன் துணைவனைத் தன்னுள்ளேயே அழைத்துச் செல்லவேண்டும். நிலப்படம், திசைகாட்டி, கைவிளக்கு, ஊதல், மாற்றுக் கம்பளியாடை ஆகியவை பையில் இருக்கவேண்டும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் சொல்லிச் செல்லவேண்டும். எந்நேரத்தில் திரும்புவது என்பதை, அறிவு தெளிவாயிருக்கும் காலையிலேயே முடிவு செய்யவேண்டும். இடர் நேர்ந்தால், ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும். விடையாக மூன்று ஊதல் ஒலி வரும்.

அவ்விடை யாரிடமிருந்து வருகிறது? பெரும்பாலும் மலை மீட்புக் குழுவினரிடமிருந்து. அவர்கள் கூலி பெறாத தொண்டர்கள். நள்ளிரவிலும் அழைப்பு வந்தால் புறப்படுவோர். மூடுபனியில் வழிகாட்டும் கற்குவையை யாரோ அடுக்கினர். சாந்தின்றிக் கட்டிய நெடுஞ்சுவரை யாரோ எழுப்பினர். மேட்டு நிலத்தில் நடக்கும் உரிமைக்காக 1932-இல் கின்டர் ஸ்கவுட் என்னுமிடத்தில் கூட்டமாக ஏறியவர்களில் ஐவர் சிறை சென்றனர். தனியே நடப்பவனின் ஒவ்வோர் அடியும் இத்தனை பேருடைய உழைப்பின்மேல் விழுகிறது.

நண்பர்களே, சிகரத்திற்கு நூறு அடி கீழே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பி வருவது தோல்வியன்று. பாராட்டுவார் ஒருவரும் இல்லாத இடத்தில், தனக்குத் தானே சொன்ன சொல்லைக் காத்தவன் அவன். மலை நாளையும் அங்கே இருக்கும், அவனும் இருக்கவேண்டும். அவனை மீட்க இருளில் புறப்படவேண்டிய தொண்டர்களும் அன்றிரவு தம் வீட்டில் உறங்கவேண்டும்.