அயல்நாட்டு வகுப்பறையில்

கடல் கடந்து கல்வி பயிலச் செல்வோர்க்கு அறிவுரை கூற நம் நாட்டில் ஆட்கள் பலர் உண்டு. கம்பளிச் சட்டை எத்தனை வேண்டும், ஊறுகாயை எவ்வாறு கட்டி எடுத்துச் செல்வது, பனிக்கு எத்தகைய காலணி ஏற்றது என்பனவெல்லாம் புறப்படுமுன்பே தெரிந்துவிடும். ஆனால் அங்குள்ள வகுப்பில் எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதை எவரும் சொல்வதில்லை. வகுப்பறை எந்நாட்டிலும் வகுப்பறைதானே என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணத்தால் நேரக்கூடிய தீங்கைக் குறித்தே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த கலைப் பட்டதாரிகளாகிய நாங்கள் நால்வர், உபகாரச் சம்பளம் பெற்று ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றோம். அந்நாட்டில் கற்ற இந்தியர் வரிசை நீண்டது. பின்னாளில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன், 1926இல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றவர். எனினும் எங்கள் துறையில் அன்று இந்தியர் நாங்கள் நால்வர்தாம். இன்று நிலை வேறு. 2022-23ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்தில், ஜெர்மனியில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களுள் இந்தியரே முதலிடம் பெற்றனர். அடுத்த ஆண்டில் அவர்தம் தொகை ஏறத்தாழ 49,000 ஆயிற்று. ஆகவே இது நால்வர் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

முதல் நாள் பத்து மணிக்கு வகுப்பு என்று அட்டவணையில் கண்டு, பத்து நிமிடம் முன்னதாகவே சென்று அமர்ந்தோம். மணி பத்தும் ஆயிற்று. மண்டபத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. வகுப்பு இல்லை போலும் என்று திரும்பிவிட்டோம். பத்து என்ற எண்ணின் பக்கத்தில் ‘சி. டி.’ என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. ‘கும் டெம்போரே’ என்னும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. குறித்த மணிக்குக் கால் மணி கழித்து வகுப்பு தொடங்கும் என்பது அதன் பொருள். அவ்வூர் மாணவருக்கு அது தெரிந்திருந்தது. ஆகவே எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

மறுநாள் விரிவுரை முடிந்ததும் மாணவர் அனைவரும் விரல் முட்டிகளால் மேசையைத் தட்டினர். ஏதோ கலகம் மூண்டது என அஞ்சினோம். அது அங்கே கைதட்டலுக்கு ஈடான பாராட்டு. முதற்பருவ முடிவில் எங்களுள் ஒருவர் ‘1.7’ என்ற மதிப்பெண்ணைக் கண்டு, இரவு உணவு கொள்ளாமல் படுத்துவிட்டார். அங்கே 1.0 என்பதே தலையாய மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி என்று அறிந்தபின், நள்ளிரவில் எழுந்து உண்டார். இவையெல்லாம் நகைத்து மறக்கத்தக்க சிறு பிழைகள். ஆனால் எல்லாப் பிழையும் அவ்வாறு முடிவதில்லை.

அங்கே வகுப்பு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று விரிவுரை. அதற்கு அவர்கள் வழங்கும் சொல்லை நேராகப் பெயர்த்தால் ‘வாசித்துக் காட்டுதல்’ என்றாகும். அதில் பேராசிரியர் பேசுவார், மாணவர் குறிப்பெடுப்பர். இது நமக்குப் பழக்கமானதே. மற்றொன்று ‘செமினார்’. நம் நாட்டில் செமினார் என்றால் மேடை உண்டு, மாலை உண்டு, தலைமையுரையும் நன்றியுரையும் உண்டு. அங்கேயோ அது இருபது முப்பது பேர் மேசையைச் சுற்றி அமரும் அன்றாட வகுப்பு. குறித்த நூற்பகுதியை அனைவரும் முன்னரே படித்து வரவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு நாள் ஒரு பொருளை எடுத்து உரையாற்ற வேண்டும். மற்றவர்கள் வினவுவர், மறுப்பர். பருவ இறுதியில் 15 முதல் 20 பக்க அளவில் ஒரு கட்டுரையும் எழுதித் தரவேண்டும்.

1810இல் திறக்கப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு அடிகோலிய வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், ஆசிரியர் மாணவருக்காக இருப்பவரல்லர், இருவருமே அறிவுக்காக இருப்பவர்கள் என்று கருதினார். செமினாரில் அக்கருத்து இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே ஆசிரியரை மறுத்து ஒரு சொல் கூறுவது அவமதிப்பன்று. ஒன்றும் கூறாதிருப்பதைத்தான் அவர்கள் ஐயத்தோடு நோக்குவர்.

எங்களுள் மிகக் கற்றவர் ஒருவர் இருந்தார். தம் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர். வாரந்தோறும் நூற்பகுதியை வரிவரியாகப் படித்து, இரவில் விடுதிச் சமையலறையில் அமர்ந்து எங்களுக்கு விளக்குவார். செமினாரில் நாங்கள் துணிந்து கூறியவற்றுள் பாதி, முந்தைய இரவு அவரிடம் கேட்டவையே. ஆனால் வகுப்பில் அவர் வாய் திறந்ததில்லை. பெரியவர் பேசுமிடத்தில் கேட்டலே முறை என்பது அவர் வீட்டிலும் பள்ளியிலும் கற்றது. தாம் உரையாற்ற வேண்டிய நாளையும் இருமுறை தள்ளி வைத்தார். ஜெர்மானிய வாக்கியம் பிழையின்றி அமையட்டும் என்று காத்திருந்தார்.

பேராசிரியர் அறைக் கதவில் ‘பேசும் நேரம், புதன்கிழமை 2 முதல் 3 வரை’ என்று எழுதியிருந்தது. எந்த மாணவரும் சென்று எதையும் கேட்கலாம் என்பதே அதன் பொருள். நம் வழக்கத்திலோ, ஆசிரியர் அறைக்குத் தனியே செல்வது ஒன்று குற்றத்துக்கு விடை சொல்ல, அல்லது சலுகை வேண்ட. ஆகவே அவர் அக்கதவைத் தட்டவில்லை. பிப்ரவரியில் பருவம் முடிந்தது. உரையாற்றாமையால் அவருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. உபகாரச் சம்பளம் நீட்டிக்கப்படவில்லை. கோடையில் அவர் ஊர் திரும்பினார்.

சில நாட்களுக்குப் பின் பேராசிரியர் எங்களிடம், “உங்கள் நண்பருக்கு இப்பாடத்தில் விருப்பம் இல்லையோ?” என்று வினவினார். வகுப்பில் நாங்கள் சொன்னவற்றுள் பாதி அவருடையது என்று அப்போதுதான் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. நண்பர் மரியாதையின் பொருட்டு மௌனம் காத்தார். நாங்களோ, அவர் சொற்களால் வந்த நற்பெயரை இழக்க மனமின்றி மௌனம் காத்தோம். இருபதாண்டு கடந்தும் எங்களுக்கு இது ஆறாத குறையாகவே இருக்கிறது.

இன்று மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டிருக்கையில் ஒன்று விளங்குகிறது. ஒரு சொல்லுக்கு இரு நாட்டில் இரு பொருள் இருந்தால் அகராதி எச்சரிக்கும். மௌனத்துக்கு அகராதி இல்லை. நாம் பணிவு என்று எண்ணி அமைதியாயிருக்க, எதிரே இருப்பவர் அதைப் படிக்காமை என்றோ ஈடுபாடின்மை என்றோ பெயர்த்துக்கொள்கிறார். இருவரும் நல்லவரே, இடையில் ஓர் இளைஞரின் ஆண்டு வீணாகிறது.

ஆகவே அயல்நாடு செல்லும் இளைஞர்க்குச் சில சொல்வோம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு செமினாரிலும் ஒரு முறையேனும் வாய் திறந்துவிடுங்கள். பெரிய கருத்து வேண்டுவதில்லை. “இவ்விடம் எனக்கு விளங்கவில்லை” என்பதும் பேச்சே. நாள் செல்லச் செல்ல மௌனத்தைக் கலைப்பது கடினமாகும். முதல் மாதத்திலேயே ‘பேசும் நேரத்தில்’ ஆசிரியரைக் கண்டு, நம் நாட்டில் கற்பிக்கும் முறை இன்னது, எனக்கு இது புதிது என்று சொல்லிவிடுங்கள். உரையாற்றும் நாளைப் பிழைக்கு அஞ்சித் தள்ளாதீர்கள். கட்டுரையில் பிறர் கருத்தை எடுத்தாண்டால், அது எவருடையது என்று தவறாது குறியுங்கள். குறியாவிடில் அங்கே அது திருட்டாகவே கொள்ளப்படும். சான்றோர் கூற்றுகளைத் தொகுப்பதோடு நில்லாமல், அவற்றைக் குறித்து நீங்கள் எண்ணுவது யாது என்பதையும் எழுதுங்கள்.

இப்போது பல பல்கலைக்கழகங்களில் பருவம் தொடங்குமுன் புதிய மாணவருக்கென அறிமுக வாரம் நடத்துகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். நம் கல்லூரிகளிலும் வாரத்துக்கு அரைமணி நேரமேனும் மாணவர் வினவ, ஆசிரியர் கேட்கும் வகுப்பு அமையுமாயின், இப்பழக்கத்தைக் கடல் கடந்து சென்று கற்க வேண்டியிராது.

இன்னொன்றும் உண்டு. உங்களோடு வந்த ஒருவர் வகுப்பில் பேசாதிருந்தால், உங்கள் முறை வரும்போது, “இக்கருத்தை எனக்குச் சொன்னவர் இவர்” என்று அவரைச் சுட்டிக் கூறுங்கள். அவர் பேசத் தொடங்க அது ஒன்றே போதுமாயிருக்கலாம். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.