ரப்பருக்கு வந்த அரிசி



வளரும் வல்லரசு சின்ன நாட்டுக்குப் பணம் நீட்டுவது தருமத்துக்கா? ரப்பரின் கதையையே பாருங்கள்.

கொரியப் போரின்போது, 1951-ல், சீனாவுக்குப் போர்ச்சரக்கு விற்கக் கூடாதென்றது ஐக்கிய நாடுகள் சபை. வெள்ளையர் ஆட்சி இந்தச் சிங்கப்பூரிலிருந்து ரப்பர் போவதை நிறுத்தியது. இலங்கையோ அப்போது அச்சபையில் சேரவில்லை. அங்கே அரிசித் தட்டுப்பாடு வேறு. 1952-ல் பேரம் படிந்தது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பருக்குச் சந்தைக்கு மேற்பட்ட விலை, 2,70,000 டன் அரிசி. 1957-ல் மறுநடவுக்கென்று 7½ கோடி ரூபாய் உதவி! மரம் இருந்தால்தானே பால்?

ரப்பரை விற்றதற்காக அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. அதுவும் தருமமல்ல.

அந்த மரங்களைச் சீவியவர்களில் 1948-ல் குடியுரிமை பறிபோன நம் தமிழர்களும் உண்டு. பேரம் நடந்தபோது அவர்களுக்கு ஓட்டு இல்லை.