கைபேசியில் ஹரிக்கேன்: கோட்டைப் பார்ப்பதா, கூம்பைப் பார்ப்பதா?



நான் வானிலைத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். ஆனா ஜூன் 1 வந்துட்டா, காலையில் கைபேசியில் நான் முதலில் திறப்பது அட்லாண்டிக் பெருங்கடலின் வரைபடத்தைத்தான். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே ஹரிக்கேன் காலம். நம்ம வங்கக்கடலில் புயல் என்கிறோமே, அது அங்கே ஒரு வேகத்தைத் தாண்டினால் ஹரிக்கேன். என் தம்பி குடும்பம் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மயர்ஸ் ஊரில் இருக்கு. அதனால் வந்த பழக்கம் இது. இந்தப் பழக்கத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

2022 செப்டம்பர் 26. இயான் புயல் கியூபாவை நெருங்கிக்கொண்டிருந்தது. மியாமியில் இருக்கும் அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையத்தின் படத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு கோடு, டாம்பா விரிகுடாவை நோக்கிப் போகுது. உடனே போன் போட்டேன். "தம்பி, கோடு டாம்பா பக்கம் போகுதுடா. உன் ஊரிலிருந்து 200 கிலோமீட்டர். பயப்படாதே" என்றேன். அவனும் "சரிண்ணே" என்றான்.

மறுநாள் காலை அவர்கள் பகுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தம்பி தயங்கினான். காரணம் நான்தான். அவன் மனைவி கேட்டாளாம்: "உங்க அண்ணன் அங்கேயிருந்து பார்க்கிறாரு. இவங்க இங்கேயிருந்து சொல்றாங்க. யார் பேச்சைக் கேட்கணும்?" அன்று மாலை கிளம்பிட்டாங்க.

28-ஆம் தேதி பிற்பகல், மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு, ஃபோர்ட் மயர்ஸுக்கு அருகிலிருக்கும் காயோ கோஸ்டா தீவில் இயான் கரையைக் கடந்தது. ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரையில் கடல் நீர் தரைக்கு மேலே 10 முதல் 15 அடி வரை ஏறியது. தம்பி வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். ஆட்கள் உயிரோடு இருந்தாங்க. அதற்குக் காரணம் நான் இல்லை, அவன் மனைவி.

பிறகுதான் படித்தேன். 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயலும் இப்படித்தான் செய்திருக்கு. கோடு டாம்பாவைக் காட்டியது. புயல் திடீரென வலுத்து, வலப்பக்கம் திரும்பி, அதே காயோ கோஸ்டா தீவில் கரையேறியது. அந்தப் பகுதியும் எச்சரிக்கைக்குள்தான் இருந்தது. ஆனா பலரும் கோட்டைத்தான் பார்த்தார்கள். கோட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்று வானிலையாளர்கள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் கழித்து நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

சரி, அந்தப் படத்தை எப்படிப் படிக்கணும்?

கோட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் வெள்ளைப் பகுதி இருக்கு பாருங்க, அதுக்குப் பெயர் கூம்பு. புயலின் மையம் போகக்கூடிய இடம் அது. கடந்த 5 ஆண்டுகளின் கணிப்புகள் எவ்வளவு தவறின என்று கணக்குப் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு தவறுகள் உள்ளே அடங்கும்படி அந்த அகலத்தை வைக்கிறார்கள். கணக்கு வாத்தியாராகச் சொல்றேன்: அப்படின்னா மூன்றில் ஒரு தடவை மையம் கூம்புக்கு வெளியேயும் போகலாம். கூம்பின் ஓரத்தில் இருப்பவருக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமே இல்லை.

இன்னொன்று. அந்த அகலம் அந்தப் பருவம் முழுக்க எல்லாப் புயலுக்கும் ஒன்றுதான். புயல் பெரிசா சின்னதா, மழை எவ்வளவு, கடல் எவ்வளவு ஏறும், இது எதையும் கூம்பு சொல்லாது. அதற்குத் தனித்தனி வரைபடங்கள் உண்டு. அவற்றையும் திறந்து பாருங்க.

அடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்துச் சொல்கிறார்களே, அது காற்றின் வேகத்துக்கு மட்டும்தான். 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் அமெரிக்காவில் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தது தண்ணீரால். 2024 செப்டம்பரில் ஹெலீன் ஃபுளோரிடாவில்தான் கரையேறியது. ஆனா பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலே இல்லாத வட கரோலினா மலைப்பகுதியில் வெள்ளம் ஊர்களை அடித்துக்கொண்டு போனது.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் பயங்கரப் படங்கள். ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினி மாதிரி நாளைக்கு நான்கு முறை புதுக் கணிப்பைத் தருது. ஐரோப்பிய மாதிரி தனி. அவற்றில் பத்து நாள் கழித்து ஒரு பெரிய புயல் நிற்கிற படத்தை மட்டும் வெட்டி யாராவது அனுப்பிடுவாங்க. ஆறு மணி நேரத்தில் வரும் அடுத்த கணிப்பில் அந்தப் புயலே இருக்காது! ஹரிக்கேன் மையமே புயலின் பாதையை 5 நாளுக்கு மேல் வரைவதில்லை. அவர்கள் வரையாததை நாம் ஏன் பரப்பணும்?

நேரத்தையும் கவனிங்க. அந்த மையம் 6 மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை தருது. இந்த ஹரிக்கேன் மாதங்களில் நம்ம நேரப்படி காலை 8.30, பகல் 2.30, இரவு 8.30, நள்ளிரவு தாண்டி 2.30. கரைக்கு எச்சரிக்கை இருந்தால் நடுவிலும் வரும். படத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீங்க. நேற்றைய படம் இன்றைக்குத் தப்பான தகவல்.

அப்போ நம்மைப் போன்ற ஆர்வலர்கள் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். இணையம் வருவதற்கு முன்பே, கடையில் கிடைத்த காகித வரைபடத்தில், வானொலி சொல்லும் அட்சரேகை தீர்க்கரேகையைப் புள்ளி வைத்துப் பார்த்த குடும்பங்கள் அங்கே நிறைய. 1965-இல் பெட்ஸி புயலின்போது அமெச்சூர் வானொலிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ஹரிக்கேன் வாட்ச் நெட் இன்றும் இயங்குது. புயல் பாதிக்கும் தீவுகளில், கப்பல்களில் இருப்பவர்கள் காற்று, காற்றழுத்தம், சேதம் பற்றிச் சொல்வதைக் கேட்டு, ஹரிக்கேன் மையத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கணிப்பு சொல்வதில்லை. கண்ணால் கண்டதை, கருவியில் அளந்ததைச் சொல்கிறார்கள். ஆர்வலருக்கு அதுதான் சரியான இடம்.

இப்போ நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தம்பிக்கு போன் போட்டால், "கோடு எங்கே போகுது" என்று பேசுவதில்லை. மூணே கேள்வி. "உன் வீடு எந்த வெளியேற்ற மண்டலம்? உன் பகுதிக்கு என்ன எச்சரிக்கை வந்திருக்கு? கிளம்பச் சொன்னால் எங்கே போவே?" ஃபுளோரிடாவில் வெளியேற்ற மண்டலங்களுக்கு எழுத்து உண்டு. அதைப் புயல் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்கணும். உங்க பிள்ளைகள் அங்கே இருந்தால் இன்றைக்கே கேளுங்க.

நம்ம ஊருக்கும் இது பொருந்தும். வங்கக்கடல் புயலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் படத்திலும் இதே போன்ற கூம்பு இருக்கு. கோட்டை மட்டும் பார்த்து "நம்ம ஊருக்கு இல்லை" என்று முடிவு பண்ணாதீங்க. டிஎன் அலர்ட் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்க. மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் இப்பவே பதிந்துவைங்க.

ஆர்வமாப் பாருங்க, கத்துக்கோங்க. ஆனா ஒருவரைப் போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா என்று வரும்போது, அந்த ஊர் நிர்வாகம் என்ன சொல்லுதோ அதையே சொல்லுங்க.