கையொப்பத்திற்கு முந்திய உறவு



சென்னையும் கோலாலம்பூரும் 2010ஆம் ஆண்டு சகோதர நகரங்களாயின. கையொப்பம் புதியது, உறவோ பழையது. கடல் கடந்த நம் முன்னோர் மலேசியாவின் பினாங்கில் 1801இல் கப்பித்தான் கெளிங் பள்ளிவாசலையும், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவையும் நிறுவினர். அவ்வூர்கள் அவர்களுக்கு இடமளித்தன; உறவு வேரூன்றியது.

இன்று இடமளிப்போர் நாம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் நம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில் பரவிய பொய்க் காணொளிகளால் பலர் அஞ்சி ஊர் திரும்பினர்; பீகார் அரசுக் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஊர்களுக்கு இடையிலான நம்பிக்கை இத்தொழிலாளர்கள் வழியாகவே நிற்கிறது, சரிகிறது.

ஆகவே நம் மஹல்லாவில் குடியிருக்கும் ஒவ்வொரு வெளிமாநிலத் தொழிலாளியின் பெயரையும் ஊரையும் அறிந்து வைப்போம். வதந்தி பரவும் நாளில் அவருக்குத் துணை நிற்கும் முதல் அண்டை வீட்டார் நாமாக இருப்போம்.